தயிர்ப் பானையில் ஊற்றாத மருந்து

மகனே, இதை லாரி ஆபீஸில் நாலு பேர் நடுவில் நின்று பிரிக்காதே. வண்டியில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு படி. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் டவர் கிடைக்கவில்லை என்பாய், பக்கத்தில் கிளீனர் உட்கார்ந்திருப்பான், எனக்கும் பாதியில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எட்டாம் கிளாஸோடு நின்றவள் நான், இவ்வளவு நீளமாக எழுதிப் பழக்கமில்லை. ஆனால் எழுதினதை நீ கட் பண்ண முடியாது பார், அதற்காகத்தான் உட்கார்ந்தேன். உன் பெயரை இதில் எங்கேயும் எழுதவில்லை. நம் ஊரில் பிள்ளையை லாரிக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிற இன்னொரு தாய் கேட்டால் இதையே படிக்கக் கொடுப்பேன். இது உன் ஒருத்தனுக்கு மட்டும் வேண்டிய பேச்சு இல்லை.

விலையைக் கடைசிவரை மறைத்துவைத்துப் பேசுகிற வியாபாரம் எனக்கு எப்போதும் ஆகாது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தடவை நீ நாக்பூர் லோடு இறக்கிவிட்டு ஊருக்கு வந்ததும் நேராக வீட்டுக்கு வராதே. பெரியாஸ்பத்திரிக்குப் போ. எய்ட்ஸ் இருக்கிறதா என்று ரத்தம் பார்க்கச் சொல்லு. பார்த்துவிட்டு வா. கோபம் வரும், வரட்டும். கோபத்தோடேயே மேலே படி. பஸ் ஸ்டாண்டில் குடித்துவிட்டு வந்தவன் என் தயிர்ப் பானையை எட்டி உதைத்தபோது அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினவள் நான், நீயே பார்த்திருக்கிறாய். அந்த நான் இப்போது போன் மணி அடித்தாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறேன். பயமாக இருக்கிறதுப்பா.

கலாவைப் பற்றிச் சொல்லவேண்டும். உனக்குக் கட்டிவைத்தபோது அவளுக்கு இருபது முடியவில்லை. நம் வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரு பழக்கம் உண்டாகிப்போனது, உனக்கே அது தெரியாது. கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வரும்போது "செங்கம் தாண்டிட்டேன்"னு நீ ஒரு போன் பண்ணுவாய். சோறு சூடாக இருக்கட்டும் என்பதற்காகப் பண்ணுகிறாய், தெரியும். நான் அடுப்பங்கரைக்குப் போவேன். கலா பாத்ரூமுக்குப் போவாள். தண்ணீரில் விட்டால் பால் மாதிரி வெளுக்குமே, காயம் கழுவுகிற கிருமி மருந்து, அந்தப் புட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு போவாள். அரை மணி நேரம் வெளியே வரமாட்டாள். வரும்போது வீடே ஆஸ்பத்திரி மாதிரி வாசனை அடிக்கும். மருமகள் எவ்வளவு சுத்தம் பார் என்று நான் பக்கத்து வீட்டம்மாளிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன்.

அவள் உடம்பின் வெளியே மட்டும் கழுவவில்லை. உள்ளேயும் கழுவினாள். மருந்தை விட்டு, விரலைத் துணியில் சுற்றி, எரிய எரிய. ஒன்றரை வருஷமாக, நீ வரும் ஒவ்வொரு தடவையும். எதற்கு என்று கேட்பாயா? கல்யாணமான புதிதில் ஒருநாள் நீ அவளிடம் "இன்னா நாத்தம் இது, குளிச்சியா இல்லியா"ன்னு கேட்டாயாம். உனக்கு ஞாபகம்கூட இருக்காது. அவளுக்கு இருக்கிறது. மறுநாள் என்னிடம் வந்து, உடம்பு சுத்தமாக இருக்க என்ன பண்ணணும் அத்தை என்று கேட்டாள். ஏன் கேட்கிறாய் என்று நான் கேட்டிருக்கலாம். அன்றைக்குப் பௌர்ணமி, கிரிவலக் கூட்டத்துக்கு மோர் கட்டுகிற அவசரம். பாத்ரூம் ஜன்னலில் இருந்த புட்டியைக் காட்டி, இந்த வீட்டில் எல்லாத்துக்கும் அதுதான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

போன மாசம் நீ வந்து போன பிறகு அவள் மோர்ப் பாக்கெட் கட்ட உட்கார்ந்தவள் உட்கார முடியாமல் எழுந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. என்னம்மா என்றால் ஒன்றுமில்லை என்றாள். நானும் பெண்தானே. கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். அப்போதுதான் எல்லாம் வந்தது. வெள்ளைப்படுவது, மீன் வாடை மாதிரி நாற்றம், சிறுநீர் போனால் எரிச்சல். கழுவக் கழுவ ஜாஸ்திதான் ஆகிறது என்றாள். ஜாஸ்தி ஆக ஆக இன்னும் கொஞ்சம் மருந்தைக் கூட்டி ஊற்றியிருக்கிறாள். அவள் அம்மாவிடம் சொல்லவில்லையா என்றேன். சொன்னாளாம். வெள்ளைப்பட்டால் உடம்பு உருகுகிறது என்று அர்த்தம், புருஷனுக்குத் தெரியாமல் பார்த்துக்கோ என்று அந்தம்மா சொல்லியிருக்கிறாள். இப்படித்தான் ரெண்டு வீட்டுக் கிழவிகளும் சேர்ந்து ஒரு பெண்ணைப் பாத்ரூமுக்குள் தள்ளிப் பூட்டியிருக்கிறோம்.

வேங்கிக்கால் மெயின் ரோட்டில் புதிதாக வந்திருக்கிற டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். சின்ன வயசு, பேச்சில் ஒளிவு மறைவு கிடையாது. கலாவைப் பரிசோதித்துவிட்டு என்னையும் உள்ளே கூப்பிடலாமா என்று அவளிடமே கேட்டுவிட்டுத்தான் கூப்பிட்டார். எதைப் போட்டுக் கழுவறீங்க என்றார். கலா தலையைக் குனிந்துகொண்டாள். நான்தான் சொன்னேன். டாக்டரம்மா பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்து, "நீங்க என்ன வேலை பாக்கறீங்கம்மா"ன்னு கேட்டார். தயிர் வியாபாரம் என்றேன். "அப்ப உங்களுக்குச் சுலபமா புரியும்"னு சொல்லி ஆரம்பித்தார்.

பெண்ணுக்கு உள்ளே நல்ல கிருமிகள் குடியிருக்கின்றனவாம். பாலை உறைய வைக்கிற கிருமிக்கு அவை சொந்தக்காரங்க மாதிரி. அவைதான் அந்த இடத்தை எப்போதும் லேசான புளிப்பாக வைத்திருக்கும். அந்தப் புளிப்பு இருக்கிறவரைக்கும் கெட்டது எதுவும் அங்கே சுலபத்தில் குடியேறாது. ஒவ்வொரு பெண்ணுக்கும் கொஞ்சம் வெள்ளையாகப் படுவதும், லேசாக ஒரு வாசனை இருப்பதும் இயற்கை, அது அழுக்கு இல்லை. இதைத் தெரியாமல் சோப்பும் மருந்தும் உள்ளே விட்டால் முதலில் சாகிறது இந்த நல்ல கிருமிகள்தான். அவை காலி செய்த இடத்தில் வேறு கிருமிகள் வந்து பெருகும். மீன் வாடை அவைகளுடையது. நாற்றம் என்று மறுபடி கழுவினால் மறுபடி அதே கதை.

அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு நம் பானைகள் ஞாபகம் வந்துவிட்டன. உனக்கும் வரும். எண்பத்தொன்பதில் ரெண்டு பானையோடு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தேன். நீ மூணாங்கிளாஸ். அப்புறம் ஆசிரமம் பக்கம், செங்கம் ரோட்டு லாட்ஜுகளுக்கும் மெஸ்ஸுகளுக்கும் தயிர் ஊற்ற ஆரம்பித்த பிறகுதான் நிமிர்ந்தோம். ஒரு தடவை ஒரு கெஸ்ட் ஹவுஸில் வெள்ளைக்காரம்மாவுக்கு வயிற்றுப்போக்கு வந்து, ஓனர் என்னைக் கூப்பிட்டு, உன் பாத்திரமெல்லாம் சுத்தமா என்று கத்தினான். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கு ராத்திரியே அத்தனை பானைகளையும் அந்த வெள்ளை மருந்தை ஊற்றித் தேய்த்துக் கழுவினேன். மறுநாள் ஒரு பானைகூட உறையவில்லை. பால் நூல் நூலாக இழுத்தது, ஒரே நாற்றம். நீதான் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒவ்வொரு பானையாகச் சாக்கடையில் கவிழ்த்தாய். "ஏம்மா, உறையையே சாவடிச்சிட்டு உறையலைன்னா எப்படி"ன்னு கேட்டாய். அதற்கப்புறம் இன்றுவரை நம் பானைகளுக்கு வெந்நீரும் வெயிலும் மட்டும்தான். வேலைக்கு வருகிற பெண்கள் சோப்பைக் கொண்டுபோனால்கூட விரட்டுவேன். அவ்வளவு தெரிந்த வீடு இது. பானையில் ஊற்றக் கூடாது என்று எடுத்த புட்டியைப் பாத்ரூம் ஜன்னலில் வைத்தோம். அங்கிருந்து அந்தப் பெண்ணின் உடம்புக்குள் போயிருக்கிறது.

டாக்டரம்மாவிடம், அப்போ நல்ல உறைத்தயிரைக் கொஞ்சம் உள்ளே தடவினால் சரியாகிவிடுமா என்று கேட்டேன். நான் தமாஷுக்குக் கேட்கவில்லை. அவர் சிரித்துவிட்டார். "உங்க தயிர் சோத்துக்கு மட்டும் போதும்மா, அந்தக் கிருமி வேற, இந்தக் கிருமி வேற. நீங்க ஒண்ணும் போடாம சும்மா இருந்தீங்கன்னாலே பெரிய உபகாரம்"னு சொன்னார். கலாகூட லேசாகச் சிரித்தாள். ஒரு வாரத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். வெளியே வெறும் தண்ணீரில் கழுவினால் போதும், உள்ளே ஒன்றும் விடக் கூடாது என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அப்போதுதான் அவர், "வீட்டுக்காரர் என்ன வேலை?"ன்னு கேட்டார். லாரி, வடக்கே ஓடுகிறான் என்றேன். டாக்டரம்மா முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. என்னை மறுபடி உட்காரச் சொன்னார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. நல்ல கிருமிகள் போய்விட்ட உடம்பில் உள்தோல் புண்ணாகி வெந்துபோய் இருக்கும். எய்ட்ஸ் கிருமி உள்ள ஆணோடு சேர்ந்தால் அந்தத் தோல் வழியாக அது சுலபமாக நுழைந்துவிடும். அதிலும் சின்ன வயசுப் பெண்களுக்கு உள்ளே எல்லாம் இளசு, ஆபத்து இன்னும் ஜாஸ்தி. வெள்ளைப்படுவதால் எய்ட்ஸ் வராது, கழுவினதால் வராது. ஆனால் வருகிறவனுக்குக் கதவைத் திறந்து வைத்த மாதிரி. அதே சமயம் உள்ளே எல்லாம் நன்றாக இருக்கிறது, அதனால் பயமில்லை என்று எந்தப் பெண்ணும் இருந்துவிட முடியாது, அப்போதும் வரும் என்றார். ஆணுறையும் ரத்தப் பரிசோதனையும்தான் காப்பு என்றார். நான் கேட்டுக்கொண்டே கலாவைப் பார்த்தேன். அவள் விரல்விட்டு எண்ணுகிற மாதிரி ஏதோ யோசித்துக்கொண்டிருந்தாள். நீ வந்த தடவைகளையும் அவள் புட்டியோடு உள்ளே போன தடவைகளையும் யோசித்திருப்பாள். நானும் அதைத்தான் யோசித்தேன். செங்கம் தாண்டினேன் என்று நீ போன் பண்ணுவாய். நீ வந்து சேர்வதற்குள் அவள் தன் காவலையெல்லாம் தானே கழுவிக் கொட்டிவிட்டு உனக்காகக் காத்திருப்பாள். இந்த நினைப்பு வந்த பிறகு எனக்குத் தூக்கமில்லை.

நீ தப்பு பண்ணினாயா என்று நான் கேட்கப்போவதில்லை. லாரி ஸ்டாண்டில் ஆறு வருஷம் மோர் விற்றவள் நான். டீக்கடைக்குப் பின்னால் என்ன நடக்கிறது, மாசக்கணக்கில் ரோட்டில் கிடக்கிறவன் எதைத் தேடிப் போகிறான் எல்லாம் தெரியும். நீ போயிருந்தாலும் எனக்கு மகன்தான், போகாவிட்டாலும் மகன்தான். கேட்டால் இல்லை என்பாய், தாயிடம் வேறென்ன சொல்வாய். அதனால் உன் வாயைக் கேட்கவில்லை. உன் ரத்தத்தைக் கேட்கிறேன். அது என்னிடம் வெட்கப்படாது.

சேகரை மறந்திருக்கமாட்டாய். உன்னோடு ஒரே வண்டியில் ரெண்டு வருஷம் ஓடினவன். வற்றிப்போய் இருமிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தபோது டி.பி. என்றார்கள். டி.பி. மட்டும் இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவனுக்குக் காபி கொடுத்த தம்ளரை நான் தனியாக எடுத்து மாட்டுக் கொட்டகையில் வைத்தேன். அவன் பார்த்தான். தம்ளரில் அது ஒட்டாது என்று இப்போது டாக்டரம்மா சொல்கிறார். தம்ளரைப் பார்த்துப் பயந்தேன், பாத்ரூம் புட்டியைப் பார்த்துப் பயப்படவில்லை.

கலாவை ரத்தம் பார்க்கப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அவள் சம்மதித்துத்தான் வந்தாள். பெஞ்சில் எங்களுக்கு முன்னால் சேகர் பெண்டாட்டி உட்கார்ந்திருந்தாள். எலும்பும் தோலுமாக இருப்பாள் என்று நினைத்தேன், அப்படியில்லை, கொஞ்சம் இளைத்திருந்தாள், அவ்வளவுதான். அவளுக்கும் இருக்கிறதாம். இப்போது அரசாங்கத்திலேயே மாத்திரை கொடுக்க ஆரம்பித்திருக்கிறார்கள், அதற்காக வேறு ஊருக்கு எழுதி அனுப்புகிறார்களாம். சேகருக்குச் சாகிறவரைக்கும் அது கிடைக்கவில்லை. என்னைப் பார்த்து அவள் எழுந்து இடம் கொடுத்தாள். தம்ளர் விஷயம் தெரிந்திருக்குமோ என்று யோசித்தேன். பக்கத்தில் உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கலாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "ஊருல எல்லாம் நான் இன்னா பண்ணேன்னு கேக்கறாங்கம்மா. கல்யாணம் ஒண்ணுதாம்மா பண்ணேன்."

கலாவுக்கு இப்போதைக்கு இல்லை என்று வந்திருக்கிறது. "இப்போதைக்கு" என்கிற வார்த்தையைக் கவனி. கிருமி புதிதாக வந்திருந்தால் ரத்தத்தில் தெரிய நாளாகுமாம். மூணு மாசம் கழித்து இன்னொரு தடவை பார்க்கவேண்டும். அந்த மூணு மாசமும் இந்த வீட்டில் நான் எப்படி இருக்கப்போகிறேன் என்று தெரியவில்லை. அவள் ஒரு தும்மல் போட்டால் எழுந்து உட்காருகிறேன். சாயந்திரம் மலையில் வெயில் இறங்கும்போது மாடியில் நின்று, எம்பிள்ளை வண்டி இப்போது எந்த ரோட்டில் எந்த டீக்கடையில் நிற்கிறதோ என்று யோசிக்கிறேன். முன்னே விபத்தை நினைத்துத்தான் பயப்படுவேன். இப்போது வண்டி நின்றாலும் பயம், ஓடினாலும் பயம்.

ஆகவேண்டியதைச் சொல்கிறேன். நீ ரத்தம் பார். உனக்கும் ஒரு தடவையோடு முடியாது, மறுபடியும் பார்க்கவேண்டியிருக்கும். ரெண்டு பேருக்கும் முழுசாகத் தெரிகிறவரைக்கும் ஆணுறை இல்லாமல் அவள் பக்கத்தில் போகாதே. வாங்க வெட்கமாக இருக்கும் என்று சொல்லாதே, நானே வாங்கிவைத்துவிட்டேன். நம்மிடம் தயிர் வாங்குகிற மெடிக்கல் ஷாப்காரன்தான். நான் கேட்டதும் அவன் கூரையைப் பார்த்துக்கொண்டே பேப்பரில் சுற்றிக் கொடுத்தான், விலையைக்கூடச் சரியாகச் சொல்லவில்லை. என் வாழ்நாளில் பேரம் பேசாமல் ஒரு பொருள் வாங்கினது அதுதான். வீட்டில் விசேஷம் இல்லையா என்று கேட்கிற சொந்தக்காரங்களுக்குப் பதில் சொல்வது என் வேலை, அதை என்னிடம் விட்டுவிடு. அப்புறம் ஒன்று. இனி அவளிடம் நாற்றம், குளித்தாயா என்கிற பேச்சு உன் வாயிலிருந்து வரக் கூடாது. மாத்திரையில் அவளுக்கு எரிச்சல் கம்மியாகிவிட்டது. புட்டியை நானே எடுத்துப்போய்க் குப்பையில் போட்டேன்.

உன் ரத்தத்தில் இருக்கிறது என்று வந்தால் என்ன செய்வாயோ என்பதுதான் பெரிய பயம். சில பிள்ளைகள் அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், திரும்புவதில்லை. நீ போகாதே. மாத்திரைக்கு எந்த ஊருக்குப் போகவேண்டுமோ நான் கூட வருகிறேன். உனக்கு இந்த வீட்டில் தனித் தம்ளர் கிடையாது. அவளுக்கு என்ன வேண்டும் என்பதை அவள்தான் சொல்லவேண்டும், அதில் நான் உன் பக்கம் பேசமாட்டேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இங்கே வரைக்கும் எழுதிவிட்டுக் கலாவுக்குப் படித்துக் காட்டினேன். அவளைப் பற்றி எழுதினதை அவளுக்குத் தெரியாமல் அனுப்பக் கூடாது அல்லவா. நாற்றம் என்று நீ சொன்ன இடம் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அதை அடித்துவிடட்டுமா என்றேன், வேண்டாம் இருக்கட்டும் என்றாள். முழுக்கக் கேட்டுவிட்டு மோர்ப் பாக்கெட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள். நான் கடைசியில், பரிசோதனை பண்ணாமல் வருவதானால் வராதே என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அவள் திரும்பிப் பார்க்காமலேயே சொன்னாள்: "எனக்கும் பயமா இருக்குன்னு எழுதுங்க அத்தை. வராதன்னு மட்டும் எழுதாதீங்க. அப்பறம் நெஜமாவே வராம போயிடுவாரு."

அந்த வரியை அடித்துவிட்டேன். மை அப்பிக் கிடக்கிறதே, அந்த இடம்தான் அது.

அதனால் வா. ஆசிரமத்தைத் தாண்டி ஊருக்குள் நுழைந்ததும் வண்டியை ஓரம் கட்டு, பெரியாஸ்பத்திரிக்குள் போ, பெஞ்சில் யார் உட்கார்ந்திருந்தாலும் தலையைக் குனியாதே. முழங்கை மடிப்பில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு வீட்டுக்கு வா, சோறு சூடாக இருக்கும். இந்தத் தடவை செங்கம் தாண்டிவிட்டேன் என்று போன் பண்ணாதே. அந்த மணியைக் கேட்டால் அவள் கால் இன்னமும் பாத்ரூம் பக்கம்தான் போகிறது. ரத்தம் கொடுத்துவிட்டேன் என்று பண்ணு. போனைக் கலாவே எடுப்பாள்.